51 எம்.எல்.ஏ., ஒரு ராஷ்டிரபதி

1969 ஆகஸ்ட் 20ஆம் தேதி எண்ணி முடித்தபோது வி.வி. கிரிக்கு 4,20,077. நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650. இந்தியாவில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இவ்வளவு நெருக்கத்தில் முடிந்தது வேறு கிடையாது. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் தேறாமல், இரண்டாம் விருப்பம் வரை போனதும் அந்த ஒரு தேர்தல்தான்.

டெல்லிக்காரர்கள் எழுதினால் இது இந்திரா காந்திக்கும் காங்கிரசின் மூத்த தலைவர்கள் கூட்டமான சிண்டிகேட்டுக்கும் நடந்த சண்டை; கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று பிரதமரின் தரப்பு சொன்ன கதை. காஞ்சிபுரத்தில் பழைய தி.மு.க.காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கதை வேறு மாதிரி வரும்: கிரியை உட்காரவைத்தது நாங்கள். இந்தப் பெருமையில் எவ்வளவு அசல், எவ்வளவு கலப்பு என்று எண்களை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

இந்த ஊருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. அண்ணா 1909 செப்டம்பர் 15ல் பிறந்த ஊர். 1942ல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய ஊர். 1957ல் அவரை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். 1962ல் காங்கிரசின் நடேச முதலியாரை ஜெயிக்கவைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியதும் இதே ஊர்தான், அதையும் கணக்கில் வைக்கவேண்டும். 1967ல் தொகுதி மறுபடி தி.மு.க. பக்கம் வந்தது. 1969 பிப்ரவரி 3ல் அண்ணா மறைந்தார். சரியாக மூன்று மாதத்தில், மே 3ல், குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். தலைவரை இழந்த கட்சி, புது முதல்வர் கருணாநிதியின் தலைமையில், தலைவரை இழந்த நாட்டுக்கு ஆள் தேடும் போட்டியில் ஒரு பக்கம் நிற்கவேண்டி வந்தது; கிரியின் பக்கம் நின்றது.

ஒரு துணுக்கு. அண்ணா அந்த ஆகஸ்டில் உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்கு ஓட்டு இருந்திருக்காது. முதல்வராக அவர் இருந்தது மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராக. குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும்தான் ஓட்டு. மேலவைக்காரர்களுக்கும் நியமன உறுப்பினர்களுக்கும் இல்லை. சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. கருணாநிதிக்கு உண்டு.

எவ்வளவு உண்டு என்பதில்தான் கணக்கே இருக்கிறது. இந்தத் தேர்தலில் தலையை எண்ணுவதில்லை. நெசவாளி சேலையைக் கொண்டுவந்து போட்டால் பட்டு மாளிகையில் உருப்படியை எண்ணியதோடு விடாமல் தராசில் ஏற்றுவார்களே, அப்படி ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை போடுகிறார்கள். மாநிலத்தின் மக்கள் தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.யின் ஓட்டு எடை வரும். 1961 கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்தில் 3,36,86,953 பேர், இடங்கள் 234. வகுத்தால் 143.96, அதை 144 என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் எடையையும் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் எடை. 1969ல் அது 576. அதாவது அன்றைக்கு ஒரு எம்.பி.க்குச் சரியாக நான்கு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.

இனி தி.மு.க.வின் பேரேடு. 1967 தேர்தல் முடிவை வைத்துப் போடுகிறேன். நடுவில் வந்த இடைத்தேர்தல்களையும் மாநிலங்களவையையும் விட்டுவிடுகிறேன்.

சட்டமன்றம்: 137 × 144 = 19,728
மக்களவை: 25 × 576 = 14,400
ஆக மொத்தம்: 34,128

நாடு முழுவதும் செல்லுபடியான ஓட்டு 8,36,337. அதில் நூற்றுக்கு நாலு. பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் வித்தியாசம் 14,650 என்னும்போது நாலு சதவீதம் யானை பலம். தி.மு.க. ஓட்டே போடாமல் ஒதுங்கியிருந்தால் கிரி 3,85,949ல் நின்றிருப்பார்; ரெட்டி 19,478 முன்னால் போயிருப்பார். ரெட்டி பக்கம் போக முழுக் கட்சிகூட வேண்டாம். வித்தியாசத்தில் பாதி 7,325. அதைத் தாண்ட 13 எம்.பி. இடம் மாறினால் போதும்: 13 × 576 = 7,488. தி.மு.க.வின் மக்களவை உறுப்பினர்களில் பாதிக்குச் சற்று மேல்.

இதைக் கேட்டதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இதே கணக்கை இடதுசாரிகளும் போடலாம். 1967ல் இரண்டு கம்யூனிஸ்டு கட்சிகளும் சேர்ந்து மக்களவையில் 42 இடம், எடை 24,192. அதுவும் 14,650ஐத் தாண்டுகிறது. இந்திராவின் பேச்சைக் கேட்டுக் கட்சி வேட்பாளரைக் கைவிட்ட காங்கிரஸ்காரர்கள் எல்லோருக்கும் பெரிய பங்காளிகள். வெற்றி குறுகலாக இருக்கும்போது கூட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் நான் இல்லாவிட்டால் என்று சொல்லலாம், ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். இன்னொன்று, இது ரகசிய ஓட்டு. கொறடா உத்தரவு செல்லாது. 137 பேரும் கிரிக்குத்தான் போட்டார்கள் என்பது கட்சியின் முடிவை வைத்துச் சொல்வதே தவிர, சீட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதில்லை.

ஆனாலும் தமிழ்நாட்டுக் கணக்கில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு விசேஷம் இருக்கிறது. 1967ல் இங்கே காங்கிரசுக்குக் கிடைத்தது 51 இடம். காமராஜர் சிண்டிகேட்டின் தூண்களில் ஒருவர். மாநிலக் காங்கிரஸ் அவர் கையில். அது ரெட்டிக்குப் போனதாகவே வைத்துக்கொள்வோம். இப்போது அந்த 51ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள். 1967ல் தி.மு.க. 137க்குப் பதில் 86, காங்கிரஸ் 51க்குப் பதில் 102 என்று முடிவு வந்திருந்தால்? 51 × 144 = 7,344. கிரியிடமிருந்து அதைக் கழித்தால் 4,12,733. ரெட்டியிடம் கூட்டினால் 4,12,771. ரெட்டி 38 ஓட்டில் ராஷ்டிரபதி.

முப்பத்தெட்டு. ஒரு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி முடிவு வந்திருந்தாலும் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்திருக்காது, 234ல் 102தானே. அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் பேசி நடந்த 1967 சட்டமன்றத் தேர்தலில் யாரும் குடியரசுத் தலைவரைப் பற்றி நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் இரண்டரை வருஷம் கழித்து ராஷ்டிரபதி பவனுக்கு யார் போவது என்பதில் அந்த ஓட்டுச்சாவடிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு கட்சியின் வாய்ப்பு என்ன என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் வேட்பாளரின் சாதி, மொழி, நேர்மை என்றுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் கடைசிப் பக்கம். முதல் பக்கம், முந்திய நாலைந்து வருஷத்தில் எந்த மாநிலத்தில் யார் எத்தனை இடம் பிடித்தார்கள் என்பது. 1967 மே மாதம் ஜாகிர் உசேன் 4,71,244 வாங்கி, எதிர்க்கட்சிகள் நிறுத்திய சுப்பா ராவை (3,63,971) 1,07,273 வித்தியாசத்தில் வென்றார். அதே சட்டமன்றங்கள் பலவும் உயிரோடிருக்க, இரண்டே வருஷத்தில் வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது காங்கிரஸ் நடுவே கிழிந்ததால். கிழிசலின் அகலத்தைத் தீர்மானித்தவை வெளியிலிருந்த கட்சிகள்.

சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ், இந்திராவின் விருப்பத்தை மீறி மக்களவைத் தலைவராக இருந்த ரெட்டியை வேட்பாளராக்கியது. இந்திரா மனுவில் கையெழுத்தும் போட்டார். அதே வாரத்தில் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறையைப் பறித்தார். ஜூலை 19ல் 14 வங்கிகள் நாட்டுடைமை. அவற்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை இரண்டு, இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும். அவசரச் சட்டத்தில் பொறுப்புக் குடியரசுத் தலைவராகக் கையெழுத்துப் போட்ட கிரி, மறுநாள் பதவியை விட்டு விலகிச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். தொழிற்சங்கத்துக்காரர், 1937ல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர். தறிக்காரர்கள் நிறைந்த ஊரில் ஆதரவு திரட்ட இதைவிட நல்ல முன்கதை தேவையில்லை.

அந்த ராஜாஜிதான் 1967ல் அண்ணாவோடு கைகோத்து காங்கிரசை இறக்கியவர். அவருடைய சுதந்திராக் கட்சி தமிழ்நாட்டில் 20 சட்டமன்ற இடமும் 6 மக்களவை இடமும் வைத்திருந்தது. எடை 2,880 + 3,456 = 6,336. ஆனால் சுதந்திராவும் ஜனசங்கமும் நிறுத்தியது முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை, இரண்டாம் விருப்பம் ரெட்டிக்கு. 1967 கூட்டணியின் இரண்டு பெரிய பங்காளிகளும் 1969ல் எதிரெதிர்ப் பக்கம். கூட்டணி என்பது அந்தந்தத் தேர்தலுக்கு மட்டும் என்ற பாடத்தை இந்த மாநிலம் அப்போதே படித்துவிட்டது.

இரண்டாம் விருப்பம் எப்படிப் பாய்ந்தது என்பதைச் சாவகாசமாகப் பார்க்கவேண்டும். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. மீதி எல்லோருக்கும் சேர்த்து 8,505. ஜெயிக்கத் தேவை 4,18,169. கடைசியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கழித்து, அவர்கள் சீட்டில் அடுத்து யார் பெயருக்கு எண் போட்டிருக்கிறது என்று பிரித்தார்கள். பிரிக்க இருந்தது 1,21,274. அதில் ரெட்டிக்கு 91,879, கிரிக்கு 18,562. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ரெட்டிக்குப் போயும் அவரால் எட்ட முடியவில்லை. மிச்சம் 10,833 யாருக்கும் போகவில்லை. அந்தச் சீட்டுகளில் இருவர் பெயருக்கும் எண் இல்லை. அந்த 10,833ஐயும் முழுசாக ரெட்டிக்கே கொடுத்துப் பார்த்தேன்: 4,16,260. அப்போதும் கிரி 3,817 முன்னால். ஆக, தேஷ்முக் அணியினர் சோம்பல் படாமல் இரண்டாவது எண்ணைப் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும் என்று சொல்வதற்கு இடமில்லை. கிரிக்குப் போன 18,562தான் கதையை முடித்தது. அது அவருக்குக் கிடைக்காமல் அப்படியே காலாவதியாகியிருந்தால் அவர் 4,01,515லேயே நின்று 3,912ல் தோற்றிருப்பார்.

அந்த 8,505ஐயும் விட்டுவிட மனசில்லை. களத்தில் மொத்தம் 15 பேர். ஐந்து பேருக்கு ஒரு ஓட்டும் இல்லை. ஒருவருக்கு 576, அதாவது ஒரு எம்.பி.யின் எடைக்கு அச்சு அசலாகச் சமம். இரண்டு பேருக்கு ஆளுக்கு 125. இவ்வளவு கூட்டம் எப்படி வந்தது என்றால், செலவே கிடையாது. அப்போது டெபாசிட் இல்லை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். 1967ல் 17 பேர் நின்று 9 பேர் பூஜ்யம் வாங்கினார்கள். 1974ல் சட்டத்தைத் திருத்தி டெபாசிட் 2,500 ரூபாய், முன்மொழிய 10 பேர், வழிமொழிய 10 பேர் என்று வைத்ததும் அந்த வருஷமே களத்தில் இரண்டு பேர்தான். 1997ல் 15,000 ரூபாய், 50 பேர், 50 பேர் ஆயிற்று. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். பணம் ஒரு பொருட்டே இல்லை; நூறு கையெழுத்துதான் வேலி.

வேட்பாளருக்கான வேலி என்றதும், காஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர் இருப்பதால் இதையும் சொல்லவேண்டும். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளில் 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுப்பினர் வயதை 30க்கு மேல் 60க்குள் என்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை 35க்கு மேல் 70க்குள் என்று திருத்துகிறது. அரசியல் சட்டமும் குடியரசுத் தலைவருக்கு 35 என்கிறது, மேல்வரம்பு மட்டும் இல்லை. 1969 ஆகஸ்டில் கிரிக்கு வயது 75, தேஷ்முக்குக்கு 73, ரெட்டிக்கு 56. உத்திரமேரூர் சபையார் மனுப் பரிசீலனை செய்திருந்தால் ரெட்டி போட்டியில்லாமல் வந்திருப்பார். (1977ல் அப்படித்தான் வந்தார், வேறு காரணத்தால்.)

சரி, 34,128 கொடுத்ததற்கு வரவு என்ன? நவம்பரில் காங்கிரஸ் இரண்டானதும் இந்திராவின் ஆட்சி சிறுபான்மை ஆட்சியானது, தி.மு.க.வின் 25 எம்.பி.க்களுக்கு மதிப்பு இன்னும் ஏறியது. 1970 செப்டம்பரில் சேலம் உருக்காலைக்கு இந்திரா வந்து அடிக்கல் நாட்டினார். ஆலை உற்பத்திக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெரிய வரவு 1971ல். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து நடந்த தேர்தலில் இந்திரா காங்கிரஸ் மக்களவைக்கு 9 இடம் வாங்கிக்கொண்டு, சட்டமன்றத்தின் 234லும் ஓர் இடம்கூட நிற்காமல் ஒதுங்கியது. அதன் 9 பேரும் ஜெயித்தார்கள். தி.மு.க.வுக்கு மக்களவையில் 23, சட்டமன்றத்தில் 184. ஒரு தேசியக் கட்சி தான் முன்பு ஆண்ட மாநிலத்தில் சட்டமன்றத்தை மொத்தமாக விட்டுக்கொடுத்தது; அதற்கு அதனிடம் நியாயம் இருந்திருக்கலாம், ஆனால் விலை அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

பற்று வரிசையும் இருக்கிறது. கிரி பதவியேற்று ஒரு மாதம் ஆகுமுன், 1969 செப்டம்பர் 22ல், கருணாநிதி அரசு மத்திய மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. 1971ல் வந்த அதன் அறிக்கை, மாநில அரசைக் கலைக்கும் 356ஆவது பிரிவே வேண்டாம் என்ற அளவுக்குப் போனது. டெல்லி அதை எடுத்துக்கொள்ளவில்லை. 1974ல் கிரியின் காலம் முடிந்து பக்ருதீன் அலி அகமது வந்தார். 1976 ஜனவரி 31ல் அவருடைய கையெழுத்தில், அதே 356ன்படி, தி.மு.க. ஆட்சி கலைந்தது. ராஷ்டிரபதியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாநிலக் கட்சிக்கு இருக்கும் எடை ஓட்டுப் போடும் நாளோடு தீர்ந்துபோகிறது. ராஷ்டிரபதியின் கையெழுத்துக்கு அந்தக் கட்சிமேல் இருக்கும் எடை ஐந்து வருஷத்துக்கு நீடிக்கிறது. 1969ல் வரவை மட்டும் எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை என்பது என் கட்சி.

இன்றைய கணக்குக்கு வருவோம். 1971 கணக்கெடுப்பை வைத்துத் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் எடை 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184. 2022ல் எம்.பி.யின் எடை 700. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் எம்.பி.யையும் கூட்டினால் 1,056 + 700 = 1,756. அந்த வருஷம் நாட்டின் மொத்த எடை 10,86,431. பத்தாயிரத்துக்குப் பதினாறு.

2017ல் ராம்நாத் கோவிந்துக்குத் தமிழ்நாட்டில் 134 எம்.எல்.ஏ., மீரா குமாருக்கு 98. ஜெயலலிதாவின் ஆர்.கே. நகர் காலியாக இருந்தது. கருணாநிதி உடல்நலக் குறைவால் வரவில்லை. 2022ல் யஷ்வந்த் சின்ஹாவுக்கு 158, திரௌபதி முர்முவுக்கு 75, செல்லாதது ஒன்று. 158 × 176 = 27,808. முர்மு 6,76,803, சின்ஹா 3,80,177, வித்தியாசம் 2,96,626. இதைப் புரட்டிப்போட 176 எடையில் எத்தனை எம்.எல்.ஏ. இடம் மாறவேண்டும்? 843. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் போல மூன்றரைக்கும் மேல் வேண்டும். 1969ல் 51 போதுமாக இருந்தது. தி.மு.க. இளைக்கவில்லை, 2022ல் அதன் அணியிடம் 1967ன் 137ஐவிட அதிகம் எம்.எல்.ஏ. இருந்தார்கள். எதிரே இருந்த கட்சி கிழியாமல் இருந்தது, அவ்வளவுதான். மாநிலக் கட்சியின் வாய்ப்பு அதன் சொந்த பலத்தைவிட மத்தியில் இருக்கும் பெரிய கட்சியின் தையலில் தொங்குகிறது.

முர்முவின் காலம் 2027 ஜூலை 24ல் முடிகிறது. தமிழ்நாட்டின் சார்பில் ஓட்டுப் போடுவது 2026ஆம் ஆண்டுச் சட்டமன்றம். 1976ன் 42ஆவது திருத்தமும் பிறகு வந்த 84ஆவது திருத்தமும், 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை 1971 எண்ணையே உறையவைத்திருக்கின்றன. உறை நீங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2011 எண்ணை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இன்று தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. 176, பீகார் எம்.எல்.ஏ. 173, உத்தரப் பிரதேசம் 208. இடங்கள் மாறாமல் 2011 மக்கள் தொகையை மட்டும் மாற்றினால் தமிழ்நாடு 308, பீகார் 428, உத்தரப் பிரதேசம் 496. காஞ்சிபுரம் எம்.எல்.ஏ.யின் ஓட்டு எடை 176லிருந்து 308 ஆகும். நாட்டின் எல்லாச் சட்டமன்றங்களையும் சேர்த்த எடையில் தமிழ்நாட்டின் பங்கோ நூற்றுக்கு ஏழரையிலிருந்து ஆறுக்கு இறங்கும்.